பத்து நாள் கூண்டு

அக்டோபர் 6, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. தொட்டியின் அடியில் கிடந்ததை வைத்து நாற்பது கூண்டையும் கழுவியாயிற்று. அனுராதா மேடம் போனில் கூப்பிட்டு, "கோதை, சண்டே தத்து கொடுக்கற கேம்ப்புக்கு எல்லாக் குட்டியும் ஷாம்பூ போட்டு ரெடியா இருக்கணும்" என்றார். எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தெருநாய்க் காப்பகத்தைத் தொடங்கியவர் அவர். பேட்டி கொடுப்பது, மேடை ஏறுவது, போட்டோவுக்கு நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. மருந்து அறை, பதிவேடு, சாவி மூன்றும் என் பொறுப்பு. பதினோரு வருடமாக இப்படித்தான். நான் தங்குவதும் இங்கேதான், மருந்து அறைக்குப் பின்னால் ஒரு அறையில்.

பதினோரு மணிக்குப் பட்டீஸ்வரன் பஸ் ஸ்டாண்டிலிருந்து செம்பட்டை நாய் ஒன்றைக் கொண்டுவந்தான். வலை வீசிப் பிடிக்கிற ஆள் அவன்தான். ஏதோ வண்டி அடித்து நாய்க்கு வாயோரம் கிழிந்திருந்தது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. வலையிலிருந்து பிரிக்கும்போது அவன் வலது கையைக் கவ்விவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. குழாயில் சொட்டு இல்லை. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைச் சாய்த்துச் சாய்த்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் நானே கழுவினேன்.

"ஏனுங்க்கா இப்படிப் பதர்றீங்க? எனக்குத்தான் வெயில் காலத்துலயே மூணு ஊசியும் போட்டாச்சுங்ளே" என்று சிரித்தான்.

அவன் தடுப்பூசி அட்டையை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். மூன்று தேதி, மூன்று கையெழுத்து, எங்கள் முத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டு, முன்பே போட்டவர்களுக்கு இரண்டு ஊசி போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. கடிவாயைச் சுற்றிக் குத்துகிற சீரம் தேவையில்லையாம். அட்டை இல்லாதவர்களுக்குத்தான் அது. சாயங்காலம் திரும்பி வந்து டீ கூடக் குடித்துவிட்டுப் போனான்.

நாயைக் கடைசிக் கூண்டில் அடைத்தேன். இங்கே எல்லோருக்கும் அது பத்து நாள் கூண்டு. கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்துவிட்டால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை என்று அர்த்தம். பதினாறாம் தேதி வியாழனோடு பத்து நாள் முடிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

நாய் பால் குடித்தது. பாதியைச் சிந்தியது. வாய்ப்புண்ணால் இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

காலேஜ் பெண்கள் பன்னிரண்டு பேர் சேவை செய்ய வந்தார்கள். சேவை என்றால் குட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பது. கழிவு அள்ளுகிற இடத்தில் ஒருத்தியும் இல்லை. போகும்போது ஒரு பெண் என்னிடம், "ஆன்ட்டி, நீங்க ரொம்ப லக்கி" என்றாள். அவளை அந்த நிமிடமே பிடித்துக் கடைசிக் கூண்டைக் கழுவச் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டீசு கட்டுப் போட்ட கையோடு வேலைக்கு வந்துவிட்டான். லீவு எடுத்துக்கொள் என்றால் கேட்பதில்லை. பத்து நாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஏண்டி, என்ர கைய அப்படிக் கடிச்ச?" என்று நாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான். நாய் வாலை ஒரு தடவை ஆட்டியது. நான் பார்த்தேன், ஆட்டியது.

மே மாதத்து விஷயத்தை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினொரு குட்டிகள் வந்தன. வெயிலில் சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் போட்டிருந்தார்கள். ரத்தமாகப் பேதி. அந்த வெக்கையில் அவற்றுக்கு ஏர் கூலர் இல்லாமல் முடியாது. மருந்து அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தவள் நான். ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கூலரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் குட்டிகளுக்குக் குளுகோஸ் ஏற்றுவதும் துடைப்பதும் புதைப்பதுமாக சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்கள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. ஐஸ் உருகிய தண்ணீர் தரையில் காய்ந்து கறை கட்டியிருந்தது. பிறகு பட்டீசுக்குப் போட்ட மருந்தும் அதற்குள்ளேதான் இருந்தது.

பதினொன்றில் ஒன்பது குட்டி செத்துவிட்டன. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பட்டீசுக்கு இரண்டாம் ஊசி போட்டாயிற்று. "கோர்ஸ் முடிஞ்சுதுங்க்கா" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் திங்கட்கிழமை ஃப்ரிட்ஜில் இரண்டு வகை மருந்து இருந்தது. நாய்களுக்குப் போடுகிற வெறிநோய்த் தடுப்பூசி முப்பது பாட்டில். அதை அன்றைக்கே உடைத்துக் குழியில் கொட்டினேன். அதற்குப் பதில் வாங்க ஒரு வரி எழுதினால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இன்னொன்று மனிதர்களுக்கானது. ஒரு சேவைச் சங்கத்துக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்தது. மேடம் கையில் பெட்டியை வைத்துப் போட்டோ எடுத்துப் பேப்பரிலும் போட்டாயிற்று. ஊசி போட நர்ஸுக்குத் தேதி சொல்லியாயிற்று. அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. பழைய ஆட்கள் எல்லோருக்கும் போன வருடங்களிலேயே போட்டது, எனக்கும்தான். புதிதாகப் போட வேண்டிய ஆள் பட்டீசு ஒருவன்தான்.

நாய்களுக்கு உள்ளதைக் கொட்டினேன். அவனுக்கு உள்ளதை வைத்துக்கொண்டேன்.

அது பொடியாக வருகிற மருந்து, கொஞ்சம் சூடு தாங்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். மூன்று நாள் சூடு, அவ்வளவுதான். எத்தனையோ ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. அங்கெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் இரண்டிலிருந்து எட்டு டிகிரி என்று அச்சடித்திருப்பது உண்மைதான். பெட்டியில் எதைத்தான் அச்சடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நாய் இன்று சோறு தொடவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

டாக்டர் ஜெபராஜ் வருகிற நாள். வாரத்தில் மூன்று நாள் வந்து கால்நடை வைத்தியம் பார்க்கிறார். பத்து நாள் கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நாய் மூலையில் ஒட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து உறுமியது. பின்னங்கால் இழுத்துக்கொண்டிருந்தது.

"அடிபட்டதால இருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். "கடிபட்டவருக்கு முன்னாடியே முழுசாப் போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்குங்க டாக்டர்."

"அப்பக் கவலை இல்ல."

அவர் கை கழுவும்போது துண்டை நீட்டிக்கொண்டே கேட்டேன். "ஒருவேளை முன்னாடி போடாத ஆளா இருந்தா என்னங்க பண்ணுவாங்க?"

"கடிவாய்ல சீரம் போடணும். முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள்ள போட்டுடணும். அதுக்கப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க. தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

திங்கள், செவ்வாய், புதன் என்று விரலில் எண்ணினேன். பதிமூன்றாம் தேதி திங்களோடு ஏழு நாள். நாய்க்குக் கெடு பதினாறு வரைக்கும். நடுவில் மூன்று நாள் இடிக்கிறது.

சொல்லியிருக்கலாம். அவர் வண்டியைக் கிளப்புகிற வரைக்கும் வாசலில்தான் நின்றேன். சொன்னால் மேடத்துக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும். காப்பகத்தைப் பூட்டினாலும் பூட்டுவார்கள். நூற்று இருபது ஜீவன்களை எங்கே கொண்டுபோய் விடுவது? என்னை விடுங்கள், நான் எங்கேயும் போய்க் கிடப்பேன். அவற்றுக்காகத்தான் யோசிக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

தண்ணீர் லாரி வந்தது. பதினெட்டுக் குட்டிகளுக்கு ஷாம்பூ போட்டோம். துவட்டித் துவட்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது. மேடம் சிவப்பு ரிப்பன் ஒரு பந்து வாங்கி அனுப்பியிருக்கிறார், ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்ட வேண்டுமாம். போன மாதம் வெறிநோய் தினத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினார் மேடம். "எங்க ஸ்டாஃப் ஒவ்வொருத்தரும் தடுப்பூசி போட்டவங்க, அதுல நாங்க காம்ப்ரமைஸே பண்றதில்ல" என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

பட்டீசுக்கு லேசாகக் காய்ச்சல். ஊசியால் வருவதுதான், வரும். மத்தியானம் அவன் பெண்டாட்டி ருக்மணி எனக்குப் போன் செய்தாள். "கை வலிக்குதுங்கறாருங்க்கா, பயமா இருக்குது. ஒண்ணும் ஆவாதுங்ளே?" என்று கேட்டாள். ஆகாது, இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

நாய் தண்ணீர் குடித்தது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது குடித்தது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், நான்கு மடக்கு. நாய்க்கு அப்படியெல்லாம் மிரட்சி வராது, அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் ஆயிரம் சொல்வார்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை ஆறரைக்குப் பார்த்தேன். நாய் செத்துக் கிடந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் இரண்டு உடைந்திருந்தன.

மேடத்திடம் சொன்னேன். "ஓ காட், இன்னைக்கா?" என்றார். "கேம்ப் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத கோதை. குட்டி எடுக்க வர்றவங்க பயந்துடுவாங்க. பட்டீசுக்குத்தான் எல்லா ஊசியும் போட்டாச்சே."

டாக்டர் வந்து தலையை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கட்டினார். நாளைக்குத்தான் அனுப்ப முடியும். முடிவு வர வெள்ளி ஆகுமாம். நானும் கையுறை போட்டுக்கொண்டு கூட நின்று பிடித்தேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பத்திலிருந்து நான்கு வரை கேம்ப். கல்யாண மண்டபத்து வாசலில் பந்தல், ரிப்பன் கட்டிய குட்டிகள். பதினான்கு போயின. ஒவ்வொரு வீட்டாரிடமும் சிரித்தேன், படிவம் நிரப்பினேன், சூட்டில் வைத்த தடுப்பூசி போடாதீர்கள், கடையில் ஐஸில் வைத்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பதினான்கு முறை சொன்னேன். பட்டீசு அந்தக் கையாலேயே கூண்டுகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். நாய் எப்படி இருக்குதுங்க்கா என்று கேட்டான். இருக்குது என்றேன்.

திரும்பி வந்ததும் குளித்தேன். இன்னும் சோப்பு வாசனை போகவில்லை. நாளைக்கு ஏழாம் நாள்.

அக்டோபர் 13, திங்கள்

முதல் பஸ்ஸில் பட்டீசு வீட்டுக்குப் போனேன். ருக்மணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னை அந்த நேரத்தில் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாய் செத்துப்போச்சு பட்டீசு. உனக்கு மே மாசம் போட்ட மருந்து சரியில்லாத மருந்து. ஃப்ரிட்ஜ் நின்னு போய் மருந்து கெட்டிருக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வார்த்தைகள் அவை.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான். "உங்களுக்கு எப்பங்க்கா தெரிஞ்சுது?"

"நேத்து. பழைய ரிஜிஸ்டரைப் பார்த்தப்பத்தான்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோதும் அதையே சொன்னேன். ஜெபராஜ் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னபோதும் அதுதான். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே பழைய ரிஜிஸ்டரில் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

"மருந்து வேலை செஞ்சும் இருக்கலாம், செய்யாமலும் போயிருக்கலாம். ஊசியே போடாத ஆள்னு வச்சுத்தான் இனி பண்ணணும்" என்றார் டாக்டரம்மா. அட்டையின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இன்னைக்கு வந்ததால தப்பிச்சீங்க. நாளைக்கு வந்திருந்தா சீரம் போட்டிருக்கமாட்டேன்."

பாதி ஆறின காயத்தைச் சுற்றி ஆறு இடத்தில் குத்தினார்கள். உள்ளங்கைச் சதையில் மருந்து இறங்க இடம் இல்லை, புடைத்து வெளுத்துவிட்டது. பட்டீசு என் துண்டைக் கடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, சத்தம் போடவில்லை. அப்புறம் தோளில் மூன்றாவது ஊசி. இன்னொன்று நவம்பர் மூன்றில்.

அவன் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேடம் நேரில் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் போயிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில அவங்க எழுதிட்டாங்க கோதை. சங்கத்துக்காரங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவன் செத்துப் போயிருந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பதினோரு வருடத்தில் மேடத்தை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நன்றாகவே இருந்தது. அப்புறம் அவர், "ஃப்ரிட்ஜ் எப்படி நின்னுச்சு?" என்றார். வெயில் காலத்தில் கரண்ட் போயிருக்கும் என்றேன். "அப்படியே எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 15, புதன்

பட்டீசு வரவில்லை. கடைசிக் கூண்டைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன்.

அக்டோபர் 16, வியாழன்

பத்தாம் நாள். எங்கோ தீபாவளிப் பட்டாசுக்கு இப்போதே கை வைத்துவிட்டார்கள். பகல் முழுவதும் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் நூறு நாயும் சேர்ந்து ஊளையிட்டன. கோணிச் சாக்கை நனைத்துக் கூண்டுகளுக்கு மறைப்புக் கட்டினேன். மூன்றுக்குத் தூக்க மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் 17, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. வெறிநோய் இல்லை. வேறொரு காய்ச்சல், மூளையைத் தாக்குவது, தடுப்பூசி போடாத தெருநாய்களுக்கு வருவது. மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது.

ஜெபராஜ் டாக்டர் போனில் சொன்னபோது, "அப்பாடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். முதலில் எனக்குத் தோன்றியது அவன் பிழைத்தான் என்பதல்ல. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. திங்கட்கிழமை பஸ் ஏறாமல் இருந்திருந்தால் இன்று எல்லாம் தானாக முடிந்திருக்கும். அட்டை பீரோவிலேயே இருந்திருக்கும். அவன் கையிலும் ஆறு குத்து விழுந்திருக்காது. அப்புறம்தான் பட்டீசுக்குப் போன் போட்டேன்.

அந்த நாய் இன்னும் நான்கு நாள் உயிரோடு கிடந்திருந்தால் நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன். கேட்டால் ஏறியிருப்பேன் என்றுதான் சொல்வேன்.

அக்டோபர் 18, சனி

மேடம் ஃபேஸ்புக்கில் என் போட்டோவைப் போட்டிருக்கிறார். கேம்ப்பில் குட்டியோடு நான் சிரிக்கிற போட்டோ. எங்கள் மருந்தக மேற்பார்வையாளர் பழைய பதிவேட்டில் ஒரு சிறு பிழையைக் கண்ட அந்த நிமிடமே ஓடிப்போய் ஊழியரின் உயிரைக் காத்தார் என்று எழுதியிருக்கிறார். எழுநூறு பேர் கை கூப்பியிருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கி அனுப்பிவிட்டார். நான்கு பிளக் போடலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பகல் மூன்று மணிக்குப் பட்டீசும் ருக்மணியும் வந்தார்கள். அவன் கையில் கட்டு இல்லை. வீக்கம் வடிந்திருக்கிறது, கட்டைவிரலை மட்டும் மடக்க முடியவில்லை. தூக்குப் போசியில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தாள். தீபாவளி முடிந்து புதன்கிழமை வேலைக்கு வருகிறேன் என்றான். வலை பிடிக்க வேண்டாம், கொஞ்ச நாளைக்குச் சமையல் கட்டுப் பக்கம் இரு என்றேன். சரிங்க்கா என்றான்.

ருக்மணி என் பக்கத்தில் வந்து நின்றாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள் போல, முகம் வீங்கியிருந்தது. "தெரிஞ்ச ஒடனே, பொழுது விடியறதுக்குள்ள, பஸ் ஏறி வந்தீங்ளே க்கா. கூடப் பொறந்தவ இருந்தாக்கூட இப்படி ஓடியாந்திருக்கமாட்டா" என்றாள்.

அது அப்படியில்லை ருக்மணி என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். அதற்குள் அவள் குனிந்து என் இரண்டு காலையும் தொட்டுவிட்டாள். பட்டீசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

காலை நான் இழுத்துக்கொள்ளவில்லை. "நல்லா இரு சாமி" என்று சொல்லி, அவள் தலையில் கை வைத்தேன்.